லஞ்சன் கிளப்: சொல்லும் பொருளும்

கனடாவின் பெருநகரங்களில் நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு வழக்கத்துக்குப் பெயர் 'லஞ்சன் கிளப்'. வணிகர்களும் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் ஒரு வாரநாளின் நண்பகலில் ஓட்டல் மண்டபத்தில் கூடுவார்கள். மேசைகளைச் சுற்றி அமர்ந்து உண்பார்கள். உண்டு முடித்ததும், அழைக்கப்பட்டு வந்திருக்கும் ஒருவர் எழுந்து அரைமணி நேரம் பேசுவார். அவரை ஒருவர் அறிமுகம் செய்வார், இன்னொருவர் நன்றி சொல்வார். பிறகு எல்லாரும் அலுவலகம் திரும்பிவிடுவார்கள்.

இதைத் தமிழில் 'மதிய உணவுக் கழகம்' என்று எழுதினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டு வாசகருக்குக் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம் நினைவுக்கு வரும்; பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போடும் ஓர் அமைப்பு என்றே எடுத்துக்கொள்வார். தனித்தனியாகப் பார்த்தால் சொற்களில் பிழை இல்லை, சேர்த்துப் பார்த்தால் பொருள் தவறிவிடுகிறது. அங்கே கூடுகிறவர்கள் சோற்றுக்காகக் கூடவில்லை. பேச வருகிறவருக்காகக் கூடுகிறார்கள். அந்த ஆள் இல்லாத மொழிபெயர்ப்பு எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆகவே சொல்லின் வேரிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

'லஞ்சன்' என்ற சொல் ஆங்கிலத்தில் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்படுகிறது. அப்போது அதற்கும் சாப்பாட்டு வேளைக்கும் தொடர்பு இல்லை. ரொட்டியிலிருந்தோ பாலாடைக்கட்டியிலிருந்தோ வெட்டிய தடித்த துண்டுக்கு அந்தப் பெயர். துண்டம் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லான 'லோன்ஹா'விலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. இதனோடு ஒலியால் நெருங்கிய 'நன்ச்சன்' என்ற பழைய சொல்லும் ஆங்கிலத்தில் இருந்தது. 'நூன்' என்பது நண்பகல், 'ஷெஞ்ச்' என்பது ஊற்றிக் கொடுக்கும் பானம். இரண்டும் சேர்ந்து, நண்பகலில் வேலைக்கு நடுவே அருந்தும் சிறு ஆகாரத்தைக் குறித்தன. துண்டைக் குறித்த சொல்லை வேளையைக் குறித்த சொல்லின் பக்கம் இழுத்ததில் இந்த ஒலி ஒற்றுமைக்கும் பங்கு உண்டு என்பார்கள். 'லஞ்ச்' என்ற குறுக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியபோது அதைக் கொச்சை என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். அதனால்தான் சபை மரியாதை வேண்டிய இடங்களில் முழுச் சொல்லான 'லஞ்சன்' இன்றுவரை நிலைத்திருக்கிறது. வீட்டில் உண்டால் லஞ்ச், அழைப்பிதழ் அச்சிட்டால் லஞ்சன்.

இங்கே சற்று விலகி ஒன்றைச் சொல்ல ஆசை. 'நூன்' என்பதே இடம் மாறிய சொல். லத்தீனில் 'நோனா' என்றால் ஒன்பதாவது மணி. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் பிற்பகல் மூன்று மணி வாக்கில் வரும். அந்த நேரத்து வழிபாடும் உணவும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்ந்து பன்னிரண்டு மணிக்கு வந்துசேர, சொல்லும் கூடவே வந்துவிட்டது. நம் 'நண்பகல்' அப்படி அசையவே இல்லை. 'நள்' என்றால் நடு. பகலின் நடு நண்பகல், இரவின் நடு நள்ளிரவு. எவ்வளவு உறுதியான சொல்! 'மத்தியானம்' வடமொழி வழி வந்தது. ஈழத்தவர் சொல்லும் 'மதிய போசனம்', 'இராப்போசன விருந்து' இரண்டும் டொராண்டோத் தமிழர் நாவிலும் இன்று உயிரோடு இருக்கின்றன. வேளையைச் சொல்ல வேண்டிய இடத்தில் இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும் குறை இல்லை.

'கிளப்' இதைவிடச் சுவையான கதை. ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் 'க்ளுப்பா' முனை பருத்த தடியைக் குறித்தது. தடியின் தலை திரண்டிருப்பது போல மக்கள் திரள்வதையும் ஆங்கிலேயர் அதே சொல்லால் குறிக்கத் தொடங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில், ஒன்றாக உண்டவர்கள் செலவை ஆளுக்கு ஒரு பங்காகப் போட்டுக் கொடுப்பதும் 'கிளப்' எனப்பட்டது. ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஆற்றங்கரையில் பொங்கித் தின்னும் நம் கூட்டாஞ்சோறு இதற்கு மிக அருகில் நிற்கிறது. பங்கு போடுவோர் நிலையான கூட்டமாக மாறியபோது அந்தக் கூட்டத்துக்கே கிளப் என்ற பெயர் வந்துவிட்டது.

இந்தச் சொல் தமிழ்நாட்டுக்கு வந்ததும் மீண்டும் சோற்றின் பக்கமே சாய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'காபி கிளப்' என்றால் சிற்றுண்டிச்சாலை. உறுப்பினர் பட்டியலும் கிடையாது, சந்தாவும் கிடையாது. காசு கொடுத்தால் இட்லியும் காபியும் கிடைக்கும். அந்தக் காலத்து வாசகரிடம் 'லஞ்சன் கிளப்' என்று சொல்லியிருந்தால் பகல் சாப்பாடு கிடைக்கும் கடை என்றே நினைத்திருப்பார். ஒலிபெயர்ப்பு மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கடன்சொல் வந்த இடத்தில் தனக்கென ஒரு பொருளை வளர்த்துக்கொண்டுவிடும். பிறகு அதைப் பழைய பொருளுக்குத் திருப்புவது எளிதன்று.

கனடாவில் இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது? ஒன்ராறியோ மாநிலத்தின் ஹாமில்டன் நகரில் 1892இல் சார்லஸ் மக்கல்லா என்பவர் முதல் 'கனடியன் கிளப்'பைத் தொடங்கினார். நாட்டைப் பற்றிக் குடிமக்கள் அறிந்துகொள்ள வேண்டும், பேச வேண்டும் என்பதே நோக்கம். 1897இல் டொராண்டோவிலும் 1903இல் ஒட்டாவாவிலும் இதே பெயரில் கிளப்புகள் எழுந்தன. இவை நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்தன. அதனால் பெண்கள் 1907இல் மான்றியலில் தொடங்கித் தங்களுக்கென்று தனிக் கிளப்புகளை அமைத்துக்கொண்டார்கள்.

1903ஆம் ஆண்டு அக்டோபரில், கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான அலாஸ்கா எல்லைத் தகராறில் தீர்ப்பு வந்தது. பிரிட்டன் சார்பில் அமர்ந்த நீதிபதி அமெரிக்காவின் பக்கம் நின்றதால் கனடியர்கள் கொதித்துப் போனார்கள். பிரிட்டிஷ் பேரரசோடு உறவு வேண்டுமா என்ற கேள்வியே எழுந்த அந்த நாட்களில், வேண்டும் என்று நினைத்தவர்கள் நவம்பர் மாதம் டொராண்டோவில் கூடி 'எம்பயர் கிளப் ஆஃப் கனடா'வைத் தொடங்கினார்கள். பேரரசு போய்விட்டது. கிளப் இருக்கிறது. சர்ச்சில், ரொனால்ட் ரேகன், இந்திரா காந்தி, தலாய் லாமா, நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் என்று அதன் மேடையில் பேசியவர்களின் வரிசை நீளமானது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அந்தப் பேச்சுகளை ஆண்டுத் தொகுதிகளாக அச்சிட்டுக் காத்துவந்த அக்கறை. அறிமுகமும் நன்றியுரையும்கூட அவற்றில் இடம்பெற்றிருக்கின்றன. அன்று பரிமாறியது என்ன என்று யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. பேசியது என்ன என்று வைத்திருக்கிறார்கள். இந்தக் கிளப்பில் எது உயிர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. கனடியன் கிளப் மேடைகளில் பிறந்தவற்றுள் மிகப் புகழ்பெற்ற வாசகம் பிரதமர் வில்ஃப்ரிட் லோரியே 1904 ஜனவரியில் ஒட்டாவாவில் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவுடையது, இருபதாம் நூற்றாண்டை நிரப்பப் போவது கனடா என்றார். மக்கள் வாயில் அது 'இருபதாம் நூற்றாண்டு கனடாவுக்கே உரியது' என்று சுருங்கி இன்றும் வழங்குகிறது. அதை அவர் சொன்னது வழக்கமான நண்பகல் கூட்டத்தில் அன்று. ஒட்டாவா கிளப்பின் ஆண்டு விருந்தில். ஆக, 'மதியம்' என்பதைச் சொல்லோடு சேர்த்துக் கட்டினால் அந்த மேடையின் தலைசிறந்த பேச்சே வெளியே நின்றுவிடும்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். 'கிளப்' என்பதற்குக் கழகம், சங்கம், மன்றம் மூன்றும் கைவசம் உள்ளன. கழகம் பழைய இலக்கியத்தில் இரண்டு முகம் காட்டும் சொல். 'பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்' என்று வள்ளுவர் சொல்வது சூதாடும் இடத்தை. கம்பரிடம் அதே சொல் கலை பயிலும் இடமாகிவிட்டது. இன்று அரசியல் கட்சிகளும் அரசுப் போக்குவரத்தும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. சங்கம் என்றவுடன் கோரிக்கை மனுவும் உறுப்பினர் அட்டையும் மனத்தில் எழும். மன்றம் அப்படியில்லை. ஊர் நடுவே மர நிழலில் எல்லாரும் கூடிப் பேசிய பொதுவிடம் அது. நட்பின் தீமையைச் சொல்லும் குறள் ஒன்று, வீட்டுக்குள் உறவாடிவிட்டு மன்றில் பழிப்பவர்களை விலக்கச் சொல்கிறது. மனைக்கு எதிர்ப்பதமாக மன்று நிற்கிறது. ஊருக்குப் பொதுவான பேச்சு நடக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருந்திய சொல் நம்மிடம் இல்லை.

மீதி 'லஞ்சன்'. அதற்கு நான் முன்வைக்கும் சொல் 'விருந்து'. இன்று விருந்து என்றால் வடை பாயசத்தோடு இலை போடுவது. ஆனால் அந்தச் சொல்லின் முதற்பொருள் புதுமை. 'விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே' என்று தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுளுக்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறது. புதிதாக வந்த ஆளும் விருந்து. 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்ற குறளில் விருந்து என்பது ஆள்தான்: வந்தவரை உபசரித்து அனுப்பிவிட்டு அடுத்து வருபவருக்காக வாசல் பார்த்து நிற்பவனைச் சொல்கிறது அது. புதியவருக்கு இடும் உணவும் விருந்து என்று ஆனது பின்னால் வந்த விரிவு. புதிய செய்தி, புதிய ஆள், அவரோடு உண்ணும் உணவு மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் விருந்தினருக்கு ஒரு சொல், உணவுக்கு ஒரு சொல் என்று இரண்டு வேண்டியிருக்கிறது. நமக்கு ஒன்றே போதும்.

ஆகவே லஞ்சன் கிளப் 'விருந்துரை மன்றம்'. அங்கே ஆற்றப்படுவது விருந்துரை: விருந்தாக வந்தவரின் உரை என்றும் பிரிக்கலாம், விருந்தில் ஆற்றிய உரை என்றும் பிரிக்கலாம். பேசுகிறவர் விருந்துரைஞர். 'செவியுணவு மன்றம்' என்றும் யோசித்துப் பார்த்தேன். வள்ளுவர் தந்த அழகான தொடர்தான். ஆனால் நாளிதழ்ச் செய்தியில் அலங்காரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

'சிறப்பு விருந்தினர்' என்று ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. நம் ஊர் மேடைகளில் சிறப்பு விருந்தினர் என்பவர் விளக்கேற்றவும் பொன்னாடை பெறவும் வருகிறவர். அவர் இரண்டு நிமிடம் வாழ்த்திவிட்டு அமர்ந்தாலும் விழா நிறைவாகவே இருக்கும். விருந்துரை மன்றத்துக்கு வருகிறவருக்கோ பேச்சைத் தவிர வேறு வேலை இல்லை. தான் அறிந்ததைச் சொல்ல வருகிறார், அல்லது எதையோ கேட்க வருகிறார்.

கேட்க வந்தவர் என்றதும் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கும்பகோணத்துக்கு அருகில் வலங்கைமானில் பிறந்து, ஆங்கிலப் பேச்சாற்றலால் 'வெள்ளி நாவினர்' என்று பேரரசு முழுவதும் பெயர் எடுத்தவர். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சென்றுவிட்டுக் கனடாவுக்கு வந்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியேறியிருந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை தாருங்கள் என்று அங்கே பேசினார். பேச்சைப் பாராட்டினார்கள், வாக்குரிமை 1947இல்தான் கிடைத்தது. விருந்தாகப் போனவரை மதித்தும் அவர் கேட்டதைத் தராமலும் இருக்க முடியும் என்பதை அந்த இருபத்தைந்து ஆண்டுகள் காட்டுகின்றன. சொல்லாய்வில் அவருக்கு வேறோர் இடமும் உண்டு. பிரிட்டிஷ் மன்னரின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சிலின் உறுப்பினர் என்ற முறையில் ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு முன் வந்த 'ரைட் ஆனரபிள்' என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'மகாகனம்' என்று எழுதின. 1940இல் சென்னை அரசு கலைச்சொல்லாக்கத்துக்கு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பின் பயனாகத்தான் இன்று நாம் மகாகனத்தை மாண்புமிகுவாகவும் போசனத்தை உணவாகவும் தயங்காமல் எழுதுகிறோம் என்பது என் எண்ணம்.

பயன்படுத்தும் முறையைப் பற்றி ஒரு சொல். கிளப்பின் பெயர் பெயராகவே இருக்கட்டும். எம்பயர் கிளப்பை யாரும் 'பேரரசு மன்றம்' ஆக்க வேண்டாம். வகையைச் சொல்லும் இடத்தில் மட்டும் தமிழ் போதும். 'டொராண்டோவின் பழமையான விருந்துரை மன்றங்களில் ஒன்றான எம்பயர் கிளப்', 'லோரியே 1904இல் ஒட்டாவாவில் ஆற்றிய விருந்துரை' என்று எழுதிப் பாருங்கள். அடுத்த கூட்டத்தின் அறிவிப்புக்கு 'வருவிருந்து' என்று தலைப்பிடலாம்.