கே பிராசசர் வாங்கிவிட்டு போர்டில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்

இந்த வாரமும் இப்படி ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் வந்துவிட்டது. தேவகோட்டையிலிருந்து ஒரு பொறியியல் கல்லூரி மாணவன், கூடவே அவன் அப்பா. கேபினட்டைத் திறந்தால் உள்ளே இன்டெலின் ஐ7-14700கே பிராசசர் (பெயரில் உள்ள கே, வேகத்தை ஏற்றப் பூட்டில்லாதது என்பதன் அடையாளம்), விலை கூடின லிக்விட் கூலர், நாலு பக்கமும் வண்ண விளக்கு. இத்தனையையும் தாங்க வேண்டிய மதர்போர்டு மட்டும் எச்610, இருப்பதிலேயே மலிவானது. "ஓவர்கிளாக் பண்ணலாம்னுதான் கே வாங்கினேன் அண்ணே, பயாஸ்ல அந்த ஆப்ஷனே வரமாட்டேங்குது" என்கிறான். ஓவர்கிளாக் என்றால் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுவது, பயாஸ் என்றால் போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் மென்பொருள். வராது தம்பி. எத்தனை தடவை பயாஸ் அப்டேட் செய்தாலும் வராது.

காரைக்குடியில் சிஸ்டம் அசெம்பிள் செய்கிற எல்லோருக்கும் இது பழகிப்போன கதைதான். ஆனால் பேசாமல் நின்ற அந்த அப்பாவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"சாக்கெட் பொருந்துது, சிஸ்டம் ஆன் ஆகுது, அப்புறம் என்ன?" இந்த எண்ணம்தான் காசைத் தின்கிறது. சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம், பொருந்தினால் பிராசசர் ஓடும், அவ்வளவுதான். முழு வேகத்தில் ஓடுமா, வேகத்தை ஏற்ற முடியுமா என்பதைச் சொல்வது சிப்செட்டும் (எச்610 மாதிரி போர்டின் பெயரில் வருவது, எதெதை அனுமதிக்கலாம் என்று தீர்மானிக்கும் சிப்) போர்டின் பவர் பகுதியும். இன்டெலில் பிராசசர் பெயரில் எண்ணுக்குப் பின்னால் கே இருக்க வேண்டும், போர்டு இசட் வரிசையாகவும் இருக்க வேண்டும்: இசட்690, இசட்790, புதிய கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு இசட்890. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பிராசசரின் மல்டிபிளையரை (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்ணை) ஏற்ற முடியாது. பி760-ல் ரேம் வேகத்தை ஏற்றலாம், பிராசசரை முடியாது. எச்610-ல் இரண்டுமே இல்லை. பெட்டியில் 'கேமிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது விளம்பரம், சிப்செட் பெயர் அல்ல. பெயரைப் படியுங்கள், தயவுசெய்து படியுங்கள். ஏஎம்டியில் பெரும்பாலான ரைசன்கள் பூட்டில்லாமல்தான் வருகின்றன, ஆனால் ஏ520, ஏ620 போர்டுகளில் போட்டால் அங்கேயும் கதவு மூடித்தான் இருக்கும். 7000 வரிசை ரைசனுக்கு பி650 போதும்.

அடுத்தது விஆர்எம், அதாவது பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தப் பவர் பகுதி. 14700கே உச்சத்தில் 253 வாட் கேட்கிறது. அதை ஹீட்சிங்க் (சூட்டை இறக்கும் உலோகத் தகடு) இல்லாத மலிவு போர்டில் போடுவது, தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு ஃபேன் ஒயரில் லைன் இழுப்பது மாதிரி. அந்தப் பையனின் போர்டில் விஆர்எம்மின் சூடாகும் சிப்புகளான மாஸ்ஃபெட்டுகள் மொட்டையாக நின்றன. ஒரு பெஞ்ச்மார்க் ஓட்டினேன். தொடக்கத்தில் துள்ளின பிராசசர் வேகம் கொஞ்ச நேரத்திலேயே மளமளவென்று இறங்கியது, ஆனால் பிராசசர் வெப்பம் எல்லையைத் தொடவே இல்லை. கூலருக்குக் கொட்டிய பணம் அங்கே வேலையே செய்யவில்லை, ஏனென்றால் சூடானது போர்டு. நம்மூர் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் இது இன்னும் மோசமாகும்.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: பல வீடுகளில் எர்த் சரியாக இல்லை. ஓவர்கிளாக்கை நினைப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பாருங்கள்.

உண்மையைச் சொன்னால் இன்றைய பிராசசர்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே தங்கள் எல்லைக்குப் பக்கத்தில்தான் ஓடுகின்றன, நாம் ஏற்றிக் கிடைப்பது சொற்பம். ரேமுக்கு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்தாலே பலருக்குப் போதும், அதைக்கூடச் செய்யாமல் வருகிறவர்கள்தான் அதிகம். 13, 14-ம் தலைமுறை இன்டெல் மேல்நிலைப் பிராசசர்கள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டு நிலைகுலைவதை இன்டெலே 2024-ல் ஒப்புக்கொண்டு பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது. அந்த பயாஸைப் போடாமல் ஒருவரும் வேகத்தைத் தொடாதீர்கள். போடும்போது யுபிஎஸ் கட்டாயம். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டமிடுகிறவர்கள் சாக்கெட்டின் ஆயுளைப் பாருங்கள். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 2021-ல் வந்தது, 14-ம் தலைமுறையோடு நின்றது. கோர் அல்ட்ரா 200-க்கு வேறு சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டிலோ 2017-ல் வாங்கிய எத்தனையோ போர்டுகள் பயாஸ் மட்டும் மாற்றி 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐ ஏற்றுக்கொண்டன. 2022-ல் வந்த ஏஎம்5-க்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதனால் வளர்த்துக்கொண்டே போக நினைப்பவருக்கு என் பரிந்துரை, விஆர்எம்மில் நல்ல ஹீட்சிங்கும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டனும் (பிராசசர் இல்லாமலே பயாஸை மாற்ற உதவுவது) உள்ள, ஏஎம்5 சாக்கெட் கொண்ட ஒரு பி650.

ரேமில் "இப்போ ரெண்டு, அப்புறம் இன்னும் ரெண்டு" என்று கணக்குப் போடாதீர்கள். ரைசன் 7000-இல் இரண்டு டிடிஆர்5 ரேம் போட்டால் வேகம் 5200 என்று சொல்லும் ஏஎம்டியே நான்கு போட்டால் 3600 என்கிறது. முதலிலேயே 16 ஜிபி இரண்டு வாங்குங்கள். டிடிஆர்4 ரேம் கையில் இருக்கிறதே என்று டிடிஆர்5 போர்டில் செருகப் பார்க்காதீர்கள், வெட்டு இடம் மாறி இருக்கும், நுழையாது.

போர்டு வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து, சாக்கெட் மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் வாங்காதீர்கள், அதற்குப் பொதுவாக வாரண்டி தரமாட்டார்கள். அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடாமல் பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.