சூரியகாந்தி விதையை மட்டுமே தின்னும் கிளிகள்

வலிப்பு வந்து கம்பிலிருந்து விழுந்த இன்னொரு ஆப்பிரிக்க சாம்பல் கிளியைப் போன வாரம் பார்த்தேன். இரத்தத்தில் கால்சியம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஊசி போட்டோம், பிழைத்துக்கொண்டது. என்ன தின்கிறது என்று கேட்டதற்கு, "சூரியகாந்தி விதைதான் டாக்டர். அதை நல்லாச் சாப்பிடும். வேற எதை வச்சாலும் தூக்கிப் போட்டுடும்" என்றார் வளர்ப்பவர். அவரை அக்கறையில்லாதவர் என்று சொல்லவே முடியாது. கிளியின் இறகுகள் சுத்தமாக இருந்தன, அவர் தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அன்பாக வளர்க்கப்படும் பறவைகளே இந்த நிலையில் திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

கிளி வளர்ப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான்: "அதுக்கு என்ன வேணும்னு அதுக்கே தெரியும்." காட்டில் யாரும் அட்டவணை போட்டுத் தீனி கொடுப்பதில்லை, தானே தேடித் தின்று நலமாகத்தானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் காட்டுக் கிளியின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். விடிந்ததும் கூட்டத்தோடு கிளம்புகிறது. நாளின் பெரும்பகுதி தேடலிலேயே போகிறது. ஒரு மரத்தில் பூ, இன்னொன்றில் இளந்தளிர், வேறொன்றில் பழுக்காத காய், இடையில் மரப்பட்டை, சில இனங்களுக்குப் புழு பூச்சியும் உண்டு. எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத் தாயையும் கூட்டத்தையும் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. பெருவின் காடுகளில் மக்காக்களும் பிற கிளிகளும் ஆற்றங்கரைச் சரிவுகளில் கூடி மண்ணையே தின்கின்றன. அங்கே அரிதாகக் கிடைக்கும் சோடியம் அந்த மண்ணில் இருக்கிறது.

அப்படிப்பட்ட வாழ்க்கையில் கொழுப்பு நிறைந்த விதை கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைத்தால் விடாமல் தின்றுவிட வேண்டும் என்றுதான் அதன் உடம்பு பழகியிருக்கிறது. நாளைக்குக் கிடைக்காது, பறப்பதில் கரைந்தும் போகும். கூண்டில் அதே விதை கிண்ணம் நிறைய, தினமும், பறக்காமலே கிடைக்கிறது. கிளி விரும்பித் தின்பது அதற்குப் பிடித்ததை. தேவையானது எது என்று அது கணக்குப் பார்ப்பதில்லை. எந்தப் பறவை வந்தாலும் இதைத்தான் சொல்கிறேன், மறுபடியும் இங்கே சொல்கிறேன்: பிடித்தது என்பதற்காக ஓர் உணவு நல்லதாகிவிடாது. கலவைத் தீனி வாங்கிப் போட்டாலும் இதே கதைதான். பொட்டலத்தின் மேல் பத்துப் பன்னிரண்டு வகை தானியங்கள் அச்சிட்டிருக்கும். கிளி சூரியகாந்தியையும் வேர்க்கடலையையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியைத் தரையில் தள்ளிவிடும். உள்ளே போனது என்ன என்பதுதான் உணவு. கிண்ணத்தில் போட்டது கணக்கில் வராது.

சூரியகாந்திப் பருப்பின் எடையில் பாதி கொழுப்பு. கால்சியம் சொற்பம், பாஸ்பரஸோ அதைப் போலச் சுமார் எட்டு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வு, இருக்கும் கொஞ்சநஞ்சக் கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாது. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். பெட்டைக் கிளி முட்டை வெளிவராமல் தவிப்பதும், சாம்பல் கிளிக்கு வலிப்பு வருவதும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வைட்டமின் ஏ குறைவு இன்னும் மெதுவாக வேலை செய்யும். கிளியின் மேலண்ணத்தில் ஒரு பிளவு இருக்கும், அதன் ஓரத்தில் முள் போன்ற சின்னச் சின்ன நீட்சிகள். வாயைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அவை மழுங்கிப்போயிருந்தால் பாதி விடை கிடைத்துவிடும். வீட்டில் உங்களுக்குத் தெரிவது அடிக்கடி தும்மல், மூக்குத் துளை அடைப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம். சளி என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பார்கள். தீனியை மாற்றாமல் அந்தச் சளி போகாது.

அலகு அளவுக்கு மீறி நீளமாக வளர்கிறது, வெட்டிவிடுங்கள் என்று சிலர் அடிக்கடி வருவார்கள். வெட்டிவிடலாம். ஆனால் அப்படி வளர்வது பல நேரம் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதன் அடையாளம். அலகிலும் நகத்திலும் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அந்தக் கிளி பார்வைக்குக் கொழுகொழு என்று இருக்கும், எல்லோரும் அழகாக இருக்கிறது என்பார்கள்.

சரி, அப்படியானால் எதுதான் இயற்கையான உணவு? எந்தக் கிளிக்கு என்று முதலில் கேட்க வேண்டும். பலர் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜிகள் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் புல்விதை தின்று வாழ்பவை. லோரிகளின் நாக்கு நுனி தூரிகை மாதிரி, பூந்தேனும் மகரந்தமும் எடுக்கவென்றே அமைந்தது. நீலநிறப் பெரிய மக்காவான ஹயசிந்த் தென் அமெரிக்காவின் பாண்டனால் சதுப்புநிலத்தில் இரண்டு வகைப் பனைகளின் கொட்டைகளையே பெரிதும் நம்பியிருக்கிறது. அதற்குக் கொழுப்பு ஆகும், பட்ஜிக்கு ஆகாது.

எந்தக் காட்டையும் அப்படியே கூண்டுக்குள் கொண்டுவர முடியாது. நெருங்கிப் போகலாம். சாம்பல் கிளி, அமேசான் கிளி, கான்யூர் கிளி போன்றவற்றுக்கு நல்ல பெல்லட், அதாவது கடையில் கிடைக்கும் உருண்டைத் தீனி, பாதிக்கு மேல் இருக்கட்டும். தொழிற்சாலையில் செய்தது என்று முகம் சுளிக்கிறீர்கள், புரிகிறது. நிறம் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். பெல்லட்டில் எல்லாச் சத்தும் ஒரே உருண்டையில் இருப்பதால் கிளியால் பொறுக்க முடியாது, அதுதான் அதன் பெரிய பலன். மீதியில் பெரும்பங்கு காய்கறியும் கீரையும். கேரட், பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, குடைமிளகாய், ப்ரோக்கோலி என்று நிறம் அடர்ந்தவையாக மாற்றி மாற்றி வையுங்கள். பாலக்கீரை தினமும் வேண்டாம், அதன் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போடும். மிளகாயைத் தாராளமாகக் கொடுக்கலாம், பறவைகளுக்குக் காரம் உறைக்காது. பட்ஜிக்கும் காக்கடீல் கிளிக்கும் சிறுதானியம் ஒரு நல்ல பங்காக இருக்கலாம், சூரியகாந்தி மட்டும் எப்போதாவது கையில் வைத்து ஊட்டும் பரிசாக இருக்கட்டும். பழம் கொஞ்சம் போதும், பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான்.

முளைகட்டிய பயறும் தானியமும் அருமையான உணவு. ஆனால் தினம் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். புளித்த வாடையோ வழவழப்போ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஈரமான உணவு எதுவானாலும் சில மணி நேரத்துக்கு மேல் கூண்டில் கிடக்கக் கூடாது.

தண்ணீரில் வைட்டமின் சொட்டு விடுவதை நிறுத்துங்கள். சத்து சீக்கிரம் சிதைந்துவிடும், கிருமி வளரும், சுவை பிடிக்காவிட்டால் கிளி தண்ணீரே குடிக்காது. பெல்லட் தின்னும் பறவைக்கு அதற்கு மேலும் வைட்டமின் கொடுத்தால் டி3 அளவு மீறிச் சிறுநீரகம் கெடும். டி3 வேண்டுமென்றால் வெயில் காட்டுங்கள், பாதி நிழலோடு. மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வராது. கால்சியத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று கூண்டில் தொங்கட்டும். மணலும் கல்லும் புறாவுக்கும் கோழிக்கும் சரி, விதையை உரித்துத் தின்னும் கிளிக்குத் தேவையில்லை.

இனி மிக முக்கியமான இடம். இதைப் படித்துவிட்டு நாளைக் காலை விதைக் கிண்ணத்தை எடுத்துவிட்டுக் காய்கறியை மட்டும் வைத்து, "பசிச்சா தானா தின்னும்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். பழகாத ஒன்று உணவு என்றே கிளிக்குத் தெரியாது, பட்டினி கிடந்தே செத்துப்போகும். பட்ஜி மாதிரிச் சின்னப் பறவைக்கு ஓரிரு நாள் பட்டினியே போதும்.

முதலில் கிராம் கணக்கில் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். பட்ஜி மொத்தமே 30 முதல் 40 கிராம்தான். அதில் நான்கு கிராம் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் பழைய தீனிக்குத் திரும்பிவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். காலைப் பசியில் புது உணவை வையுங்கள், பிற்பகலில் அளந்து விதை கொடுங்கள், அந்த அளவை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையுங்கள். காய்கறியைப் பொடியாக நறுக்கி ஈரத்தோடு விதையில் புரட்டினால் வாயில் ஒட்டிச் சுவை பழகும். நீங்களே அதன் முன்னால் உட்கார்ந்து கேரட்டைக் கடித்துத் தின்னுங்கள். கூட்டமாகத் தின்று பழகிய உயிர், உடனே வந்து எட்டிப் பார்க்கும். சில கிளிகளுக்கு மாதங்கள் ஆகும். நோயோடு இருக்கும்போதும் முட்டையிடும் காலத்திலும் இதைத் தொடங்க வேண்டாம்.

கிண்ணத்தில் விதை நிறைய இருக்கிறது என்று நம்பாமல் ஊதிப் பாருங்கள். மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கும். கிண்ணம் நிரம்பியிருக்கிறது என்று வளர்ப்பவர் நினைத்துக்கொண்டிருக்க, பசியில் மெலிந்து வந்த பறவைகள் உண்டு.

அவகாடோ ஒரு துண்டுகூடக் கூடாது, கிளியைக் கொன்றுவிடும். சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், பூண்டு, உப்புத் தின்பண்டம் எதுவும் கூடாது. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். காய்ந்த பயறு வகைகளை வேகவைக்காமலோ முளைகட்டாமலோ தராதீர்கள். பூசணம் பிடித்த வேர்க்கடலையில் இருக்கும் நச்சு கல்லீரலை நேராகத் தாக்கும், சந்தேகம் இருந்தால் வேர்க்கடலையே வேண்டாம். உங்கள் வாயிலிருந்து ஊட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள், மனித எச்சிலில் இருக்கும் கிருமிகளைப் பறவை தாங்காது.

எச்சம் குறைந்தாலோ, கரும்பச்சையாக மாறினாலோ, இறகைச் சிலுப்பிக்கொண்டு பகலில் தூங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். வரும்போது தினமும் போடும் தீனியில் ஒரு கைப்பிடி, கூண்டின் அடியில் விரித்திருந்த தாள் எச்சத்தோடு, எடை எழுதிய தாள் மூன்றையும் எடுத்து வாருங்கள். என் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.