அமைச்சர் 'பரிசீலிக்கப்படும்' என்றால் பாலம் வருமா? சட்டமன்றத்தில் ஒரு நாள்

"நம்ம எம்.எல்.ஏ. சட்டசபையில பாலத்தைப் பத்திப் பேசிட்டாரு" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வரும். கூடவே பத்து கைதட்டல் பொம்மைகள். பேசினார், சரி. எந்த நேரத்தில் பேசினார், அமைச்சர் எந்த வார்த்தையில் பதில் சொன்னார் என்று பார்த்தால்தான் அந்தப் பாலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

தமிழ்நாட்டில் மேலவை 1986-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. எனவே 234 உறுப்பினர்கள் கொண்ட பேரவைதான் முழுச் சட்டமன்றமும். எந்த நாளில் என்ன அலுவல் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முன்கூட்டியே முடிவு செய்யும். பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேராவது இருந்தால்தான் அவை நடக்கலாம். காலையில் பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளும் அதன் பொருளும் சொல்லித் தொடங்கி வைப்பார். யாராவது மறைந்திருந்தால் இரங்கல் குறிப்பு. அப்புறம் கேள்வி நேரம்.

என்னைக் கேட்டால் நாளின் உயிரான பகுதி இதுதான். எழுத்தில் முன்கூட்டியே கொடுத்த கேள்விக்குத் துறை அதிகாரிகள் கோப்பைப் புரட்டிப் பதில் தயாரித்தாக வேண்டும். கேள்வியின் நடையே தனி: "இன்ன ஆற்றின் குறுக்கே உயர்மட்டப் பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?" அமைச்சர் எழுந்து, "அத்தகைய கருத்துரு ஏதும் தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை" என்பார். ஒற்றை வரியில் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, அதாவது அவையிலேயே வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்றால் உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள் என்று அவர் அப்போது சொன்னால், அமைச்சர் சற்று இறங்கி வருவார். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் மரியாதையான மறுப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். "இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்" என்றால் கதை வேறு. அது உறுதிமொழி. அவையில் அமைச்சர் தரும் உறுதிமொழிகளைக் கணக்கெடுத்து, நிறைவேறியதா என்று துறையிடம் கேட்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஆகவே வீடியோவில் எம்.எல்.ஏ.வின் குரலை விட அமைச்சரின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். இந்த ஒரு மணி நேரத்தை நேரடியாக ஒளிபரப்புவது 2022 ஜனவரியில் தொடங்கியது. (துணைக் கேள்வியில் பாதி நேரம் தலைவருக்கு நன்றி சொல்லியே கரைவதையும் அதில் பார்க்கலாம்.)

கேள்வி நேரம் முடிந்ததும் நேரமில்லா நேரம். அன்றைய அவசரப் பிரச்சினைகளை எழுப்புவது இங்கே. கூச்சல், வெளிநடப்பு, அவைக்குறிப்பிலிருந்து நீக்கம் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் நடக்கும், செய்தியில் வருவதும் இதுதான். கவன ஈர்ப்புத் தீர்மானம் என்றால் அமைச்சர் விளக்கம் சொல்வார், ஓட்டெடுப்பு கிடையாது. பேரவை நடைமுறை விதிகளில் 110-வது விதியின் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை படித்தால் அதன் மேல் விவாதமே கிடையாது. பெரிய அறிவிப்புகள் இந்த வழியில் வருவதன் காரணம் புரிகிறதா?

பட்ஜெட்டுக்குப் பிந்தைய கூட்டத்தொடர் என்றால் அடுத்து மானியக் கோரிக்கை. பணம் இருக்கும் இடம் இதுதான். ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 203-வது பிரிவு. துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு உறுப்பினர்கள் கைக்கு வரும். இணையத்திலும் கிடைக்கும், உங்கள் பாலத்தின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடலாம். எதிர்க்கட்சியினர் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். கோடிக்கணக்கான ரூபாய்க் கோரிக்கையில் அடையாளமாக 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வது எல்லாம் உண்டு. குறையைப் பதிவு செய்ய அது ஒரு வழி, அவ்வளவுதான். விவாதத்துக்குப் பதில் சொல்லும்போது அமைச்சர் புதிய அறிவிப்புகளை வரிசையாக வாசிப்பார். அந்தப் பட்டியலில் பாலம் இருந்தால் இனிப்பு வாங்கலாம், ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். அறிவிப்புக்குப் பிறகு நிர்வாக ஒப்புதல், அரசாணை, நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று இன்னும் நாலு படி இருக்கிறது.

சட்ட முன்வடிவுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் கூட்டமாக. குரல் வாக்கெடுப்பில் சில நிமிடங்களில் ஒன்று நிறைவேறிவிடும். யாராவது கேட்டால்தான் தலையை எண்ணுவார்கள். நிறைவேறியது உடனே சட்டமும் ஆகாது, 200-வது பிரிவின்படி ஆளுநரிடம் போக வேண்டும். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் அவை கூடி மறுபடியும் நிறைவேற்றியது நினைவிருக்கும்.

சரி, எம்.எல்.ஏ. கேட்கவே இல்லை என்றால்? பேரவையின் மனுக்கள் குழுவுக்குப் பொதுமக்களே நேரடியாக எழுதலாம். குழு மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வருவதற்கு முன் ஆட்சியர் அலுவலகம் வழியாக அறிவிப்பு வரும், கடைசித் தேதியும் எத்தனை பிரதி என்பதும் அதில் இருக்கும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, வங்கிக் கடன் போன்ற தனிநபர் கோரிக்கைகளையும், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதையும் எடுக்க மாட்டார்கள். பாலம் கேட்கும் மனுவில், போகிற போக்கில் தெருவிளக்கையும் ரேஷன் கடையையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். மூன்றுக்கும் மூன்று மனு.