வார்டு: காவலும் கையடையும்

கடலூரில் "எந்த வார்டு?" என்று கேட்டால், கேட்பவர் யார் என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மாநகராட்சி ஆள் என்றால் எண்ணைச் சொல்வோம். அரசு மருத்துவமனை வாசல் என்றால் பிரசவ வார்டு, ஆண்கள் வார்டு என்போம். மூன்றாவதாக ஒரு வார்டும் உண்டு. அது விண்ணப்பப் படிவத்தில் மட்டும் குடியிருப்பது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், இறந்துபோன அக்காவின் மகளுக்காகக் கல்லூரிப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. 'நேம் ஆஃப் த வார்டு' என்ற கட்டத்தில் 21 என்று எழுதிவிட்டு, "எங்க வார்டு நம்பர் போட்டுட்டேன், சரிதானே தம்பி?" என்றார். அவர்கள் கேட்டது பெண்ணின் பெயரை.

மூன்றும் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காவல் என்று பொருள். காவலுக்காகப் பிரித்த ஊர்ப்பகுதி வார்டு, காவலில் வைக்கும் கூடம் வார்டு, காவலுக்குள் இருக்கும் ஆளும் வார்டு. ஹாஸ்டல் வார்டன் இதே குடும்பம். இதே ஜெர்மானிய வேர் பிரான்சுக்குப் போனபோது முதலெழுத்து 'வ' மாறி 'க' ஆனது. அங்கிருந்து இன்னொரு முறை இங்கிலாந்துக்கு வந்தது 'கார்டு' (காவலாள்), 'கார்டியன்' என்ற உருவில். ஆக, 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் பெயரில் ஒரே வேர் இரண்டு தடவை நிற்கிறது: ஒரு முறை காப்பவராக, ஒரு முறை காக்கப்படுபவராக.

நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 'வ' சொன்னவர்கள் 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கினார்கள். 'க' சொன்னவர்கள் அதற்கு முன்பே, 1674இல், புதுச்சேரியில் இறங்கிவிட்டார்கள். நடுவே ஒரு மணி நேர பஸ் பயணம்.

புதுச்சேரிப் பக்கம் இன்னும் சுவையான சொல் ஒன்று உண்டு. அரசின் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைப் பிரெஞ்சில் 'ப்யுபீய்' என்பார்கள். முதல் உலகப் போரில் தந்தையை இழந்த பிள்ளைகளை நாடே தத்தெடுப்பதாக 1917இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அந்தப் பிள்ளைகளின் பட்டம் 'தேசத்தின் ப்யுபீய்'. அதே போரில் மாண்ட பிரெஞ்சிந்தியர்களுக்குத்தான் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் நிற்கிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் 'சொல்தா' குடும்பங்கள் இன்றும் வாழும் ஊர் அது.

ப்யுபீய்க்குக் கண்ணின் கருமணி என்றும் பொருள் உண்டு. லத்தீனில் மூலச் சொல் சிறு பெண்ணையும் பொம்மையையும் குறித்தது. எதிரே நிற்பவரின் உருவம் கருமணிக்குள் குட்டிப் பொம்மையாகத் தெரிவதால் கண்ணுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் 'பாவை' வேறென்ன? பொம்மை, பெண், கண்மணிக்குள் தெரியும் உருவம் மூன்றும் அதுதான். 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம்' என்று குறளில் (1123) காதலன் அந்தப் பாவையை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறான், காதலிக்கு இடம் வேண்டுமாம். பிள்ளையைக் 'கண்மணி' என்று கொஞ்சும் நாம் அதைச் சட்டச் சொல்லாக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த வார்டில் இந்தக் கொஞ்சல் கிடையாது. எட்டாம் ஹென்றி 1540இல் நிறுவிய 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' மன்னருக்கு வருமானம் தந்த ஏற்பாடு. அதே பெயரில் சென்னை மாகாணத்தில் 1804இல் ஒழுங்குமுறை வந்தது. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால் ஜமீனும் சிறுவனும் சேர்ந்தே அரசின் கைக்குப் போவார்கள். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி 1873 முதல் 1889 வரை அப்படித்தான் இருந்தார். பிள்ளைக்குப் படிப்பு கிடைத்தது உண்மை. ஆனால் நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளையை இந்தக் கோர்ட் எட்டிப் பார்த்திருக்காது.

இப்போது அந்த வேலை குழந்தைகள் நலக் குழுவினுடையது. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரில் அரசு இல்லம் திறந்தபோது ஊர் வாயில் வந்த சொல் 'அனாதை'. நாதன் இல்லாதவர் என்று பொருள். 'ஆதரவற்றோர்' என்று மாற்றினாலும் இல்லாமையைத்தான் சொல்கிறோம். வார்டு என்ற சொல்லில் பொறுப்பாளர் ஒருவர் உள்ளேயே இருக்கிறார்.

பேச்சுத் தமிழையும் கவனியுங்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இல் அரசின் கைக்கு வந்தபோது "கவர்மென்ட் எடுத்துக்கிச்சு" என்றோம். பிள்ளை என்றால் "ஹோம்ல விட்டுட்டாங்க". கட்டடத்துக்கு எடுப்பு, பிள்ளைக்கு விடுப்பு!

சரியான தமிழ்ச் சொல் பழைய ஏட்டிலேயே கிடக்கிறது. பாரி இறந்தபின் கபிலர் அவன் மகளிரைப் 'பார்ப்பார்ப் படுத்து' வடக்கிருந்தார் (உண்ணாமலிருந்து உயிர் துறப்பது) என்கிறது புறநானூற்று 236ஆம் பாட்டின் குறிப்பு. அங்கே படுத்தல் என்றால் ஒருவர் பொறுப்பில் சேர்த்தல். கபிலர் வடக்கிருந்ததாகச் சொல்லும் குன்று திருக்கோவிலூரில் பெண்ணையாற்றில் இருக்கிறது. அந்த ஆறு கடலில் கலப்பது கடலூரில். இன்னொரு சொல் 'கையடை'. தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் கையடைப் படலம் என்றே பெயர். ஒருவர் கையில் ஒப்படைத்தது கையடை. கொடுத்தவர், வாங்கியவர், திருப்பிக் கேட்கும் உரிமை எல்லாம் அதில் அடங்கும். 'அடைக்கலம்' கிட்டத்தட்ட அதே பொருள்தான் என்றாலும், இன்று அதில் ஓடிவந்து தஞ்சம் புகுந்த வாடை ஏறிவிட்டது.

எனவே படிவத்தில் 'கையடைப் பிள்ளையின் பெயர்' என்றும் கார்டியனுக்குக் 'காப்பாளர்' என்றும் எழுதலாம். 'அரசின் கையடை' என்றால் அரசு இல்லத்துப் பிள்ளை. ஊர் வார்டுக்கு 'வட்டம்' ஏற்கெனவே வழக்கில் உண்டு. மருத்துவமனை வார்டை மட்டும் தொட வேண்டாம். பிரசவ வார்டுக்குப் புதுப்பெயர் வைத்தால், வெந்நீர் பிளாஸ்க்கோடு ஓடிவரும் பாட்டிக்கு யார் வழி சொல்வது?