அலுமாரிக்குள் இருக்கும் கண்ணாடித் தட்டு எந்த ஊர்ச் சரக்கு?

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் 78 சூறாவளிக்கும் 2004 சுனாமிக்கும் தப்பின கண்ணாடிச் சாமான்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. கால் வைத்த பழத்தட்டு, சீனிக் கிண்ணம், பூவேலைச் சாடி. கேட்டால் "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், கையால வெட்டினது" என்பார்கள். காலம் சரியாக இருக்கலாம், கையால் வெட்டினது என்பதுதான் பெரும்பாலும் பிழை.

வேலைப்பாட்டை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டிய கண்ணாடியின் விளிம்பு கூராக இருக்கும், அச்சில் அழுத்தியது மழுங்கியிருக்கும், போதாக்குறைக்கு அச்சின் துண்டுகள் சேர்ந்த இடத்தில் மேலே ஓடும் மெல்லிய கோடும் தெரியும். உருகிய கண்ணாடியைக் கத்தரியால் அறுத்து இரும்பு அச்சுக்குள் விழுத்தி, மேலிருந்து உலக்கை மாதிரி ஒன்றை இறக்கி அழுத்துவார்கள், அதனால்தான் வெளியே பூ இருந்தாலும் உள்ளே வழுவழுப்பாக இருக்கிறது. அச்சுக்குள் ஊதிச் செய்தது என்றால் வெளியிலுள்ள மேடு பள்ளம் உள்ளேயும் தட்டுப்படும். கத்தரி பட்ட இடம் முந்திக் குளிர்ந்துவிடுவதால் அங்கே ஒரு சின்னத் தழும்பு நின்றுவிடும், அதை வெடிப்பு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். இந்த முறை அமெரிக்காவில் 1820களில்தான் இயந்திரத்துக்கு வந்தது, ஆகவே அதற்கு முந்திய காலக் கதை எதையும் நம்பத் தேவையில்லை.

சரி, ஊர்? கவிழ்த்து அடியைப் பாருங்கள், உள்பக்கத்தையும் விடாதீர்கள். மயில் தலை இருந்தால் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் இருந்த சவர்பி கண்ணாடித் தொழிற்சாலை. கோட்டைச் சுவரிலிருந்து எழும்பும் சிங்கம் என்றால் அதே ஊர் டேவிட்சன். போர்த்தியூ, வலேரிஸ்தால் என்ற பிரெஞ்சுத் தொழிற்சாலைகள் பெயரையே எழுத்தாகப் பதித்தன.

உச்சியில் வட்டமும் அதற்குள் ரோமன் மூன்றும் கொண்ட சாய்சதுரம் அகப்பட்டால் அது பிரித்தானிய வடிவப் பதிவு முத்திரை, மூன்று என்றால் கண்ணாடி. ஆண்டைச் சொல்வது ஓர் எழுத்து, ஆனால் அது நிற்கும் இடம் முக்கியம்: 1842 முதல் 1867 வரை வட்டத்துக்கு நேர் கீழே, 1868 முதல் 1883 வரை வலது மூலையில். எக்ஸ் வட்டத்துக்குக் கீழே நின்றால் 1842, வலப்பக்கம் நின்றால் 1868. ஒரே எழுத்துக்கு இருபத்தாறு வருட வித்தியாசம்! 1884இலிருந்து சாய்சதுரம் போய் ஆர்.டி. என்ற எழுத்துகளோடு வெறும் எண் வந்தது, 1900 பிறக்கும்போது அது 351,000ஐத் தாண்டிவிட்டது. இவையெல்லாம் வடிவத்தைப் பதிந்த நாள்தான், உங்கள் தட்டை வார்த்த நாள் அல்ல, நன்றாக விற்ற அச்சைப் பிறகும் பல வருடம் ஓட்டினார்கள்.

அச்சுகள் கைமாறவும் செய்தன. ஹெப்பெல் கம்பனியின் அச்சுகளை 1880களில் டேவிட்சன் வாங்கிக்கொண்டது, எனவே பூவேலையை மட்டும் வைத்து யார் செய்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

அப்புறம், கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா ரோச். யுரேனியம் கலந்த கண்ணாடி அதில் பளிச்சென்ற பச்சையாக எரியும், டேவிட்சன் 1889இல் கொண்டுவந்த பேர்லைன் வகையில் மஞ்சள் நிறச் சாமான் அப்படித்தான். அதன் விளிம்பை மட்டும் மறுபடி சூடுகாட்டிப் பால்நிறமாக வெளுக்க வைத்திருப்பார்கள், ரோச் இல்லாமலே அது கண்ணுக்குத் தெரியும். மங்கலான பச்சை என்றால் அவசரப்பட வேண்டாம்: மணலில் இருக்கும் இரும்பின் பச்சைச் சாயலைப் போக்கச் சேர்த்த மங்கனீசும் அப்படி மினுங்கும், அதை எத்தனையோ நாட்டுத் தொழிற்சாலைகள் பாவித்திருக்கின்றன.