சாட்பாட் மௌனமானால் முதலில் எதையும் அழிக்காதீர்கள்

"எங்கள் டெலிகிராம் பாட் செத்துவிட்டது. அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினோம், அதுவும் பேச மாட்டேன் என்கிறது." இந்த வாரமும் இப்படி ஒரு புகார். போய்ப் பார்த்தால் சர்வரின் எஸ்எஸ்எல் சான்றிதழ், அதாவது பாதுகாப்பான இணைப்புக்கான அடையாளச் சான்று, காலாவதியாகியிருக்கிறது, அவ்வளவுதான். சில நிமிட வேலை. ஆனால் அழித்த பாட்டோடு பயனர்களும் போய்விட்டார்கள். டெலிகிராமில் பாட் யாரிடமும் தானாக முதலில் பேச முடியாது. பயனர்தான் உரையாடலைத் தொடங்க வேண்டும். எனவே புதிய பாட்டிலிருந்து பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு வணக்கம்கூடப் போகாது.

பதில் வரவில்லை என்றதும் செயற்கை நுண்ணறிவு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். கட்டளை வாசகத்தைத் திருத்துகிறார்கள், மாடலை மாற்றுகிறார்கள், கூடுதல் பணம் கட்டுகிறார்கள். வாசலில் அழைப்புமணிக் கம்பி அறுந்து கிடக்க, வீட்டுக்காரருக்குக் காது வைத்தியம் பார்க்கும் கதை இது. பயனரின் செய்தி முதலில் டெலிகிராம் போன்ற செயலியின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து உங்கள் சர்வருக்கு வர வேண்டும். வராத செய்திக்கு எந்த மாடலும் பதில் சொல்லாது. செயலியைத் தவிர்த்து உங்கள் நிரலிடம் நேரடியாக ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் மூளை நலம், இணைப்பைப் பாருங்கள்.

செய்தி வந்ததும் டெலிகிராமே அதை உங்கள் சர்வர் முகவரிக்கு அனுப்பும் வெப்ஹூக் முறையில் இயங்கும் பாட் என்றால் 'கெட்வெப்ஹூக்இன்ஃபோ' என்ற அழைப்பே பாதி நோயைச் சொல்லிவிடும். முகவரி காலியாக இருந்தால் வெப்ஹூக் பதிவாகவே இல்லை. நிலுவைச் செய்திகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் உங்கள் சர்வர் அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை. காரணம் கடைசிப் பிழை என்ற வரியில் இருக்கும். முகவரி சரியாக இருந்து, நிலுவையும் இல்லை, பிழையும் இல்லை என்றால் பெரும்பாலும் செய்தி உங்களிடம் வந்துவிட்டது, குற்றம் உங்கள் நிரலில். நிலுவைச் செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. ஆற அமர விவாதிக்க நேரமில்லை.

"பிரவுசரில் முகவரி திறக்கிறதே!" என்று வாதாடாதீர்கள். உங்கள் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருந்தாலும் பிரவுசர் பல நேரம் சமாளித்துக்கொள்ளும். டெலிகிராம் சமாளிக்காது.

409 என்ற பிழை வந்தால் மறுதொடக்கம் செய்து பயனில்லை. பெரும்பாலும் அதே டோக்கனில், அதாவது பாட்டை இயக்கும் ரகசியக் குறியீட்டில், உங்கள் நிரலின் இன்னொரு பிரதி எங்கோ ஓடுகிறது. சோதனைக்காக யாரோ மடிக்கணினியில் ஓடவிட்டு மறந்திருப்பார். அல்லது வெப்ஹூக் பதிவாகியிருக்கும்போதே நிரல் செய்திகளை நேரடியாகக் கேட்டு வாங்கப் பார்க்கிறது. 401 என்றால் டோக்கன் செல்லாது.

வாட்ஸ்அப்பில் "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: சோதனைக்குத் தரும் தற்காலிக டோக்கனையே போட்டுவிட்டீர்களா? அதன் ஆயுள் ஒரு நாள்தான். நிரந்தர வேலைக்கு, தனிநபர் கணக்கைச் சாராத சிஸ்டம் யூசர் டோக்கன் எடுங்கள்.

தயவுசெய்து ஒன்று. உதவி கேட்கும் அவசரத்தில் டோக்கன் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுக்களில் போடாதீர்கள். அது கையில் கிடைத்தவர் உங்கள் பாட்டின் பெயரில் உங்கள் வாடிக்கையாளர்களிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். போட்டுவிட்டீர்களா? படத்தை அழித்தால் மட்டும் போதாது. டெலிகிராமில் பாட்களை நிர்வகிக்கும் அதிகாரபூர்வ பாட்டான பாட்ஃபாதரிடம் போய் டோக்கனை ரத்து செய்து, புதியதை சர்வரில் மாற்றுங்கள். சான்றிதழ் காலாவதியாகுமுன் எச்சரிக்கை வரும்படி இன்றே அமைத்துவிடுங்கள். அந்த எச்சரிக்கை, வேலையை விட்டுப்போனவரின் மின்னஞ்சலுக்குப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.