ஒரு குண்டு வீசினால் எத்தனை குற்றம்?

“அண்ணா, வேணும்னு செய்யல. ஒரே ஒரு மாலிதான் (தீக்குண்டு) போட்டேன். மூணு பேரும் அதுக்குள்ள ஓடி வந்துட்டாங்க. இப்ப 24 மணி நேரம் விளையாட முடியாது.”

ஆன்லைன் ஷூட்டர் கேம்களில் தடை விழுந்தவர்கள் அனுப்பும் மேல்முறையீடுகளைப் படித்து முடிவு சொல்வது என் வேலை. சொந்த அணிக்காரரையே சுட்டுவிடும் ஃப்ரெண்ட்லி ஃபயர் விவகாரம் அதில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பையனின் ரீப்ளேயை, அதாவது ஆட்டத்தின் பதிவை, போட்டுப் பார்த்தேன். எதிரணி நுழையும் வாசலை அடைக்க மாலடோவ் (அவன் சொன்ன ‘மாலி’) வீசியிருக்கிறான். அந்த நேரத்துக்கு அது சரியான வீச்சு. அடுத்த இரண்டு நொடியில், வெளியிலிருந்து பின்வாங்கிய அவனுடைய ஆட்கள் மூவரும் அந்த நெருப்புக்குள் வந்து விழுந்தார்கள். சர்வர் கணக்கில் டீம் கில், அதாவது சொந்த அணிக்காரரைக் கொன்றது, மூன்று. வரம்பும் மூன்று. உடனே ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், கூடவே தடை.

அதே வாரம் இன்னொரு மேட்ச். ஒருவர் ஒவ்வொரு ரவுண்டும் தொடங்கியதுமே தன் அணிக்காரர் ஒருவரின் காலில் ஒரு முறை சுடுகிறார். சாகடிப்பதில்லை, ஹெல்த்தைக் குறைத்து விட்டுவிடுகிறார். அடிபட்டவர் எதிரியைச் சந்திக்கும்போதே அரை உயிரோடுதான் போகிறார். எட்டாவது ரவுண்டில் பொறுமை போய்த் திருப்பிச் சுட்டார். டீம் கில் ஏறியது இவர் பேரில். வம்பு இழுத்தவர் பேரில் ஒன்றுமே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கோளாறு பிடிபட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதை மட்டுமே நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போது ஒரே வெடிப்பில் எத்தனை பேர் அடிபட்டாலும் அது ஒரு சம்பவம். சாவோடு சேர்த்து, மேட்ச் முழுக்க அணிக்காரருக்குக் கொடுத்த சேதமும் கணக்கில் வருகிறது. எதிரி யாரும் கண்ணிலேயே படாத ரவுண்டின் முதல் நொடிகளில் சுட்டால் கனமாக எடுத்துக்கொள்கிறோம். சுட்ட திசையில் எதிரி நின்றிருந்தால் லேசாக விடுகிறோம்.

மற்ற கேம்கள் இதை எப்படிக் கையாண்டன என்று தேடிப் படித்தது எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. அமெரிக்க ராணுவம் 2002இல் வெளியிட்ட ‘அமெரிக்காஸ் ஆர்மி’யில் சொந்த ஆளைத் தொடர்ந்து சுட்டால், லெவன்வொர்த் ராணுவச் சிறையின் அறை ஒன்றில் உங்கள் வீரரை அடைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ வேறு வழியில் போனது. நண்பரின் டாங்கியைச் சேதப்படுத்தினால் பழுதுபார்க்கும் செலவு உங்கள் கிரெடிட்டிலிருந்து (கேமுக்குள் இருக்கும் பணம்) அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை. மற்ற தண்டனைகளில் அடிபட்டவருக்குக் கையில் ஒன்றும் வருவதில்லை. ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்’ இரண்டு பக்கமும் பார்த்தது. போட்டி ஆட்டங்களில் அணிக்காரர் மேல் படும் தோட்டாவின் வலு மூன்றில் ஒரு பங்காகத்தான் இருந்தது. மீறுகிறவர்களுக்குத் தடை 30 நிமிடம், 2 மணி நேரம், 24 மணி நேரம், 7 நாள் என்று படிப்படியாக ஏறியது. ஒழுங்காக விளையாடினால் படி இறங்கவும் செய்தது.

‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’ 2019இல் கொண்டுவந்தது இன்னும் நுணுக்கமானது. அணிக்காரரைக் கொன்றால், ‘வேண்டுமென்றே செய்ததா?’ என்று செத்தவரிடமே கேட்கும். ஆமாம் என்று அவர் சொன்னால், அதற்குப் பிறகு நண்பர்கள் மேல் சுடும் குண்டின் சேதம் சுட்டவருக்கே திரும்பும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செத்த கடுப்பில் இருப்பவர் நிதானமாகவா பதில் சொல்வார்? போதாக்குறைக்கு, சேதம் திரும்பும் நிலையில் இருப்பவரின் துப்பாக்கிக்கு முன்னால் வேண்டுமென்றே குதித்து அவரைச் சாகடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அடிபட்டவர் மன்னித்தால் அது அப்போதே செல்லும். அவர் குற்றம் சாட்டினால் மட்டும் தண்டனை விழாது, ரீப்ளேயும் அதையே சொல்ல வேண்டும்.

பேசாமல் ஃப்ரெண்ட்லி ஃபயரையே எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ‘வேலரன்ட்’டில் துப்பாக்கிக் குண்டு அணிக்காரரைத் தொடாது. புகார் குறையும், உண்மைதான். ஆனால் நண்பர் குறுக்கே வருகிறாரா என்று பார்த்துச் சுடும் பழக்கமும் கூடவே போய்விடும். அது ஒரு திறமை, அதை இழக்க எனக்கு மனமில்லை. 2024இல் வந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’இல் எந்தத் தடுப்பும் கிடையாது. அங்கே ஒருவரையொருவர் தவறிச் சுட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்கள். ரேங்க் இறங்கும் பயம் அங்கே இல்லை.

தடை விழுந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “நான் அப்பாவி” என்று பத்து வரி எழுதுவதைவிட மேட்ச் எண், ரவுண்ட், என்ன வீசினீர்கள், எங்கே நின்றீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். எங்களால் நேராக அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க முடியும். யாராவது சீண்டினால் ரிப்போர்ட் போடுங்கள், மியூட் செய்யுங்கள். திருப்பிச் சுட்டால் அது உங்கள் கணக்கில்தான் ஏறும். அப்புறம், பெற்றோர்களுக்கு: டீம் கில் தடையும் ஏமாற்று மென்பொருளுக்கான தடையும் வேறு வேறு. ‘பேன்’ என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளை திருட்டு ஆட்டம் ஆடினான் என்று முடிவு கட்டாதீர்கள். என்ன காரணம் போட்டிருக்கிறது என்று திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பையனின் தடையை நீக்கினேன். ஆனால் அவன் எழுதியதை நான் திறந்தபோதே 21 மணி நேரம் ஓடிவிட்டிருந்தது. மூன்று மணி நேரத் தள்ளுபடியை நீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு விதியை மாற்றினோம். முதல் முறை என்றால் அரை மணி நேரம்தான். சர்வர் தானாகப் போடும் தடை எதுவும் 2 மணி நேரத்தைத் தாண்டாது. அதற்கு மேல் போட வேண்டுமென்றால், ஒரு ஆள் உட்கார்ந்து ரீப்ளேயைப் பார்த்த பிறகுதான்.